கோயாவோட போர் எட்சிங் புக்கு: வாங்கலாம், ஆனா கடைசி 18 படத்தை ஏன் இப்படி சுருக்குனாங்க?

முதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 3 தான். படங்களுக்கு மார்க் போட நான் யாரு, அதெல்லாம் 200 வருஷமா நின்னுக்கிட்டு இருக்கு. நான் மார்க் போடுறது இந்த பேப்பர்பேக்குக்கு, அதாவது ஸ்பெயின் ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா 1810ல ஆரம்பிச்சு 1820 வாக்குல முடிச்ச ‘போரின் பேரழிவுகள்’ சீரிஸ், மொத்தம் 82 படம், அத்தனையையும் ஒரே வால்யூமா போட்டு மலிவு விலையில விக்கிறாங்களே, அதுக்கு. எட்சிங்னா செம்புத் தகட்டுல கோடு இழுத்து, ஆசிட்ல அரிச்சு, மை தடவி பேப்பர்ல அடிக்கிற படம். பப்ளிஷர் பேரு போடல. படங்களுக்கு காப்பிரைட் எதுவும் கிடையாது, அதனால இதே ஸ்கேன எடுத்து வேற வேற அட்டைல நிறைய பேரு விக்கிறாங்க, இதுல ஒருத்தர மட்டும் பிடிச்சு திட்டுறது நியாயமா இருக்காது.

என் மெயின் கம்ப்ளைண்ட் என்னன்னா, போர்ப் படங்கள ஒரு பக்கத்துக்கு ஒண்ணுன்னு அழகா, பெருசா, சுத்தி வெள்ளை விட்டு போட்டிருக்காங்க. பஞ்சத்துப் படங்களும் அப்படித்தான். 65ம் படத்துல இருந்து, அதாவது சாமியாருங்க, பிஷப்பு, திரும்பி வந்த ராஜாவோட ஆட்சி, இதையெல்லாம் கோயா கிழி கிழின்னு கிழிக்கிற பகுதி ஆரம்பிச்சதும் ஒரு பக்கத்துக்கு ரெண்டு படம். முன்னுரை பதினஞ்சு பக்கம் இருக்கு, அதுல இந்தப் பகுதிக்கு ஒரே ஒரு பாரா, ‘புரிஞ்சுக்க கஷ்டமான உருவகப் படங்கள்’னு ஒரு வரி போட்டுட்டு நகந்துட்டாங்க. கஷ்டமாம்! பிஷப்பு நின்னு உண்மைய அடக்கம் பண்ணுறாரு, பக்கத்துல நீதி தேவதை அழுவுறா, இதுல புரியாம போறதுக்கு என்ன இருக்கு?

எனக்கு இது ஏன் இவ்ளோ உறுத்துதுன்னா, இந்த சீரிஸ் கோயா உயிரோட இருந்தவரைக்கும் வெளிய வராததுக்கு இந்த கடைசி 18 படம்தான் பெரிய காரணம்னு நினைக்கிறேன். போர்ப் படங்களால மட்டும் இல்ல. பிரெஞ்சுக்காரன் பண்ண கொடுமைய காட்டுற படத்துக்கு அன்னைக்கு ஸ்பெயின்ல மார்க்கெட் இருந்துச்சு, பிரெஞ்சுப் படை சுத்தி வளைச்ச சரகோசாங்கிற ஊரோட முற்றுகைய வச்சு கால்வெஸ், பிரம்பிலான்னு ரெண்டு ஓவியருங்க ஒரு எட்சிங் தொகுப்பே போட்டு 1812, 13ல காதிஸ்ங்கிற தெற்கு ஸ்பெயின் துறைமுக ஊர்ல வெளியிட்டாங்க. கோயாவும் போர் முடிஞ்சதும் 1814ல அரசாங்கத்துக்கு எழுதி காசு வாங்கி, மே 2, மே 3னு ரெண்டு பெரிய ஆயில் பெயிண்டிங் வரைஞ்சு குடுத்தாரு. வெள்ளைச் சட்டைக்காரன் கைய விரிச்சுக்கிட்டு துப்பாக்கிங்க முன்னாடி நிப்பானே, அது மே 3 படம்தான். அது வெளிய காட்டுறதுக்குன்னு வரைஞ்சது. இந்தத் தகடுங்க பெட்டிக்குள்ள பூட்டி வைக்கிறதுக்கு.

கதை தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். கோயா 1746ல அரகான்ல பொறந்தவரு, 1792-93ல ஏதோ ஒரு நோய் வந்து காது சுத்தமா போயிடுச்சு, 1799ல ராஜாவோட முதல் அரண்மனை ஓவியர் ஆயிட்டாரு. 1808ல நெப்போலியன் ஸ்பெயின் ராஜாவ ஒதுக்கிட்டு தன் அண்ணன் ஜோசப்ப உக்கார வச்சான், அதுக்குக் கொஞ்சம் முன்னாடியே மே 2ம் தேதி மாட்ரிட் ஜனங்க எதிர்த்து கிளம்பிட்டாங்க, மறுநாள் விடியறதுக்குள்ள பிரெஞ்சுக்காரன் வரிசையா நிக்க வச்சு சுட்டான், அதுக்கப்புறம் 1814 வரைக்கும் நாடே ரத்தக்களறி. 1808 கடைசியில ஸ்பெயின் ஜெனரல் பலாஃபாக்ஸ் கூப்பிட்டு கோயா சரகோசா போயி இடிஞ்சு கெடந்த ஊர நேர்ல பாத்தாரு. ஆனா மனுஷன் தியாகியும் இல்ல, ஜோசப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்திருக்காரு, அவன் குடுத்த மெடலும் வாங்கியிருக்காரு, பகல்ல ரெண்டு பக்கத்து ஆளுங்களையும் வரைஞ்சு குடுத்து சம்பாதிச்சுட்டு இந்தத் தகடுகள வெளிய விடாம செதுக்கிக்கிட்டு இருந்திருக்காரு. இத முன்னுரையில மழுப்பி எழுதியிருக்காங்க. எனக்கு அது பிடிக்கல, இவ்ளோ வளைஞ்சு குடுத்த ஆளு தகட்டுல மட்டும் யாருக்கும் வளையலங்கிறதுதானே இதுல இருக்குற விஷயமே.

போர்ப் பகுதி, 2ல இருந்து 47 வரைக்கும். இதுல புக்க குறை சொல்ல எதுவும் இல்ல, பெரும்பாலும் நல்லா வந்திருக்கு. 26ம் படம் ‘பாக்க முடியல’ன்னு தலைப்பு, குகை மாதிரி ஒரு இருட்டுல ஆம்பள பொம்பள எல்லாம் மண்டி போட்டு கெஞ்சுறாங்க, சுடுற சோல்ஜர் ஒருத்தன்கூட படத்துல இல்ல, வலது ஓரத்துல துப்பாக்கி முனையில மாட்டுன கத்தி நுனிங்க மட்டும் வரிசையா நீட்டிக்கிட்டு இருக்கு. இந்தப் புக்குல அந்த ஓரத்த கட் பண்ணாம விட்டிருக்காங்க, அதுக்கே தனியா நன்றி, ஏன்னா சில வெப்சைட்டுல ஓரத்த வெட்டிட்டு போட்டிருப்பாங்க, அப்ப படமே செத்துப்போயிடும். 28ம் படம் ‘ஜனக்கூட்டம்’, இதுல அடிக்கிறது ஸ்பெயின்காரங்களே, கீழ கெடக்குற ஒருத்தன போட்டு கொல்றாங்க. 39ல மரத்துல வெட்டுன உடம்புங்க தொங்குது, அதுக்கு ‘பெரிய வீரம்! செத்தவங்க கிட்ட!’ன்னு தலைப்பு. கோயா எவன் பக்கமும் சேரலங்கிறது இங்கயே தெரிஞ்சிடும்.

சர்ச் விஷயத்துல பலபேரு அவர வெறும் மத எதிர்ப்பாளரா மட்டும் பாக்குறாங்க, முன்னுரையும் அப்படித்தான் எழுதுது. அப்படி முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்தப் போர்ப் பகுதியவே இன்னொரு தடவ புரட்டுங்க. 46ல சோல்ஜருங்க ஒரு மடத்து சாமியார குத்திக் கொல்றாங்க, தலைப்பு ‘இது கெட்டது’, அவ்ளோதான், கிண்டலே இல்ல. 47ல ஒரு சாமியாரு பீடத்துக்கு முன்னாடி இருக்குற கிராதி பக்கத்துல விழுந்து செத்துக்கிட்டு இருக்காரு, பின்னாடி கோயில் சாமானத்த தூக்கிட்டுப் போறானுங்க, ‘இப்படித்தான் நடந்துச்சு’. 34ல ஒருத்தர கழுத்த முறுக்கி கொன்னு உக்கார வச்சிருக்காங்க, சாமியாரா இருக்கலாம்னு சொல்றாங்க, கையில சிலுவைய திணிச்சிருக்கு, கழுத்துல ஒரு கத்தி தொங்குது, அந்தக் கத்தி வச்சிருந்ததுதான் குத்தம். இதெல்லாம் சாமியாரு மேல வெறுப்புல வரையுற ஆளோட கையில இருந்து வராது.

அதே பகுதியிலதான் 44ம் இருக்கு, ‘நான் பாத்தேன்’. ஊரே ஓடுது. ஒரு அம்மா கைக்குழந்தையோட ஓடுறவ பின்னாடி இருக்குற இன்னொரு பிள்ளைய இழுக்க திரும்புறா, அவளத் தாண்டி ஓடுறாரு பாருங்க ஒருத்தரு, சாமியாரு மாதிரி உடுப்பு, அந்தப் பிள்ளைய கண்டுக்கவே இல்ல, ஒரு பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஓடுறாரு, பணப்பையாத்தான் தெரியுது. சீரிஸ்லயே ‘நான் பாத்தேன்’னு சொல்ற படம் இது, அதுல சாட்சி சொல்றதுக்கு இந்தப் பையும் இருக்கு. அப்புறம் போர்ல சாமியாருங்க வெறும் பலியாடு கிடையாது, கொரில்லா படைக்கு தலைமை தாங்குனவங்களே இருந்தாங்க, மெரினோ சாமியாருன்னு ஒருத்தரு அதுல ரொம்ப பேமஸ். அடி வாங்குனாங்க, அடிச்சாங்க, பையோட ஓடவும் செஞ்சாங்க, மூணையும் ஒரே ஆளு வரைஞ்சு வச்சிருக்காரு.

48ல இருந்து 64 வரைக்கும் 1811-12ல மாட்ரிட்ட வாட்டுன பஞ்சம், ஏறக்குறைய 20,000 பேரு செத்தாங்கன்னு சொல்றாங்க. வண்டி வண்டியா பொணம் போகுது, பக்கத்துல நல்லா உடுத்துனவங்க நின்னு பாக்குறாங்க. இதப் பத்தி அதிகம் எழுதல, பாத்துக்கங்க. பிரிண்ட் பரவாயில்ல.

இப்ப 65க்கு வருவோம். நடுவுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் கோவம் புரியும். போர் நடக்கும்போதே காதிஸ்ல கூடுன பாராளுமன்றம் 1812 மார்ச் 19ல அரசியல் சட்டம் கொண்டு வந்துச்சு, 1813ல இன்குவிசிஷன்னு சொல்ற சர்ச்சோட விசாரணை மன்றத்த ஒழிச்சுச்சு. ஜோசப் பக்கத்துல அதுக்கும் முன்னாடியே, 1808 டிசம்பர்லயே நெப்போலியன் அத ஒழிச்சாச்சு, 1809ல மடங்களையும் கலைச்சாச்சு. அதாவது சண்டை போட்ட ரெண்டு தரப்பும் இந்த ஒரு விஷயத்துல ஒத்துப்போச்சு. 1814ல ஜனங்க ‘நம்ம ராஜா, நம்ம ராஜா’ன்னு காத்துக்கிட்டு இருந்த ஏழாம் பெர்டினாண்டு திரும்பி வந்தான், மே 4ம் தேதி அரசியல் சட்டம் செல்லாதுன்னுட்டான், ஜூலைல இன்குவிசிஷன திரும்ப கொண்டாந்தான், அடுத்த வருஷம் இயேசு சபைக்காரங்களையும் திருப்பி உள்ள விட்டான். பழையபடி நீயே ஆளு ராஜான்னு 69 பாராளுமன்ற உறுப்பினருங்க கையெழுத்து போட்டு மனு குடுத்திருந்தாங்க, அதுல சாமியாருங்களும் இருந்தாங்க. ஆறு வருஷம் ரத்தம் சிந்தி ஜனங்க வாங்குனது இதுதான். கோயா அடுத்த தகட்ட எடுத்தாரு.

66ல ஒரு கழுதை, முதுகுல கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள்ள ஒரு பிணம், கழுதை கழுத்துல மணி, சுத்தி ஜனங்க மண்டி போட்டு கும்புடுறாங்க. ‘விசித்திரமான பக்தி!’. சாமி சிலைய சுமந்த கழுதை ஜனங்க தன்னத்தான் கும்புடுறாங்கன்னு நினைச்ச கதை நம்ம எல்லாருக்கும் தெரியும், அதே பழைய கதைதான் இங்க திருப்பண்டத்தோட, அதாவது புனிதர் உடம்புன்னு வச்சு கும்புடுறதோட நடக்குது. 67 ‘இதுவும் குறைஞ்சதில்ல’, பழைய காலத்து உடுப்புல கிழட்டுப் பிரபுங்க மாதா சுரூபங்கள முதுகுல சுமந்துக்கிட்டு குனிஞ்சு போறாங்க. அவரு இதுல மாதாவ கிண்டல் பண்ணல, முதுகு ஒடிஞ்சாலும் எறக்கி வைக்காத ஆளுங்களத்தான் பண்றாரு. இந்த ரெண்டு படத்தையும் இந்தப் புக்குல ஒரே பக்கத்துல மேலயும் கீழயும் அடுக்கியிருக்காங்க, கழுதையோட மணியெல்லாம் லென்ஸ் வச்சுத்தான் பாக்கணும்.

71 ‘பொது நலனுக்கு எதிரா’. வழுக்கைத் தலை கிழவன் ஒருத்தன் பெரிய புக்குல எழுதிக்கிட்டு இருக்கான், காது இருக்க வேண்டிய எடத்துல வவ்வால் றெக்கை, கையும் காலும் நகம் வளந்த கொக்கி. சட்டம் எழுதுறானா, தீர்ப்பு எழுதுறானா, ரெண்டும்தான்னு வச்சுக்கங்க. அடுத்த படம் 72, ‘விளைவு’. ஒரு வவ்வால் மனுஷன் நெஞ்சுல உக்காந்து உறிஞ்சுது, பின்னாடி இன்னும் நிறைய பறந்து வருது. ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தாத்தான் அந்தக் காதுல இருந்த றெக்கை எங்க போச்சுன்னு தெரியும். ஏத்துக்குறேன், இங்க மட்டும் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்குறது உதவுது.

73ல ஒரு பூனை மேடை மேல உக்காந்திருக்கு, சாமியாரு ஒருத்தரு அதுக்கு முன்னாடி கை கூப்பி குனியுறாரு, ஆந்தை ஒண்ணு பறந்து வருது.

74 தான் என்னப் பொறுத்தவரைக்கும் மொத்த சீரிஸ்லயும் உச்சம். ‘இதுதான் ரொம்ப மோசம்!’. ஓநாய் ஒண்ணு உக்காந்து இறகுப் பேனாவால பேப்பர்ல எழுதுது. அதுக்கு முன்னாடி ஒரு மடத்து சாமியாரு மண்டி போட்டு மைக்கூட்ட பவ்யமா ஏந்திக்கிட்டு இருக்காரு. பின்னாடி வதங்கிப் போன ஜனங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க. பேப்பர்ல என்ன எழுதியிருக்குன்னா, ‘பாவப்பட்ட மனித குலமே, தப்பு உன்னோடதுதான்’, கீழ காஸ்தின்னு பேரு. காஸ்திங்கிறவரு இத்தாலியக் கவிஞர், மிருகங்க பேசுற மாதிரி அரசியல் நையாண்டி எழுதி 1802ல போட்டாரு, வரி அதுல இருந்து வந்தது. இதுல சாமியாரு யாரையும் கொல்லல, திருடல, பொய்கூட சொல்லல. மைக்கூட்ட பிடிச்சிருக்காரு. அவ்ளோதான் அவரு வேலை. போர்ப் பகுதியில பீடத்து கிட்ட செத்துக் கெடந்த அந்த 47ம் படத்து சாமியாரையும் இவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, அதே துணி, அதே தலை. கோயா மாறல, இடையில 1814 வந்திருக்கு. இந்தப் படத்த, ஐயா, இந்தப் படத்த, அரைப் பக்கத்துல போட்டு பேப்பர்ல இருக்குற எழுத்து படிக்க முடியாத மாதிரி பண்ணியிருக்கானுங்க. எழுத்து இல்லாட்டி ஓநாய் என்ன எழுதுதுன்னு யாருக்குத் தெரியும்? குறிப்புல போட்டிருக்கான்னு பாத்தா அதுலயும் இல்ல. ஒரு ஸ்டார் இதுக்கே போச்சு.

75ல கிளி மூக்கோட ஒரு சாமியாரு பிரசங்கம் பண்றாரு, கேக்குறது பாதி மிருகங்க. 77 ‘கயிறு அறுந்துடும்’. சர்ச் பெரியவரு ஒருத்தரு கயித்து மேல நடக்குறாரு, கயிறு அங்கங்க முடிச்சு போட்டு ஒட்டுப் போட்டது, கீழ கூட்டம். தகட்டுக்கு முன்னாடி கோயா போட்ட ஸ்கெட்ச்ல அவரு தலையில போப்போட மூணடுக்கு கிரீடம் இருக்கு. தகட்டுல அத எடுத்துட்டாரு. வெளிய விடாம வச்சிருந்த தகட்டுலயே அந்தக் கிரீடத்த எடுக்குற அளவுக்கு பயம் இருந்திருக்குன்னா யோசிங்க. இல்ல என்னைக்காவது அச்சடிக்கலாங்கிற ஆசையும் உள்ள இருந்திருக்கும், அதுக்காகவும் எடுத்திருக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் தோணுது.

பயப்பட காரணமும் இருந்துச்சு. 1799ல ‘கப்ரிச்சோஸ்’னு, அதாவது மனம் போன போக்குல வரையுற கற்பனைப் படங்கள்னு, 80 எட்சிங் போட்டு சாமியாரு, சூனியக்காரி, கல்யாண வியாபாரம் எல்லாத்தையும் கலாய்ச்சு, மாட்ரிட்ல செண்டும் சாராயமும் விக்கிற ஒரு கடையில வச்சு செட்டு 320 ரியாலுக்கு வித்தாரு, 27 செட்டுதான் போச்சு, 1803ல 80 தகடையும் மிச்சமிருந்த 240 செட்டையும் ராஜாகிட்டயே குடுத்துட்டு மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கிட்டாரு. இன்குவிசிஷன்ல தன்மேல புகார் போனத பின்னாடி ஒரு கடிதத்துலயும் எழுதியிருக்காரு. 1815ல துணியில்லாம படுத்திருக்குற பொண்ண வரைஞ்ச ‘நிர்வாண மாகா’ படத்துக்காக, யாருக்காக வரைஞ்ச, எதுக்கு வரைஞ்சன்னு இன்குவிசிஷன் சம்மன் அனுப்புச்சு. அந்த வயசுல, காது கேக்காத ஆளு, 74ம் படம் மாதிரி ஒண்ண வச்சுக்கிட்டு எப்படி தைரியமா கடையில வைப்பாரு.

79 ‘உண்மை செத்துப்போச்சு’. இளம்பெண் ஒருத்தி மார்பு திறந்தபடி தரையில கெடக்குறா, அவ உடம்புல இருந்து ஒளி கோடு கோடா அடிக்குது. சுத்தி சாமியாருங்க, ஒருத்தன் கையில மண்வெட்டி, நடுவுல பிஷப்பு கைய தூக்கி ஜெபம் சொல்றாரு. வலது பக்கம் தராசோட நீதி மூஞ்சிய மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. ஒளிக்கோடு எல்லாம் ஊசியால இழுத்தது, ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவுல பேப்பரோட வெள்ளை மூச்சு விடணும். இந்த ரீபிரிண்ட்ல கோடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி மங்கலாயிடுச்சு, அவ பிரகாசமா இல்ல, அழுக்கா இருக்கா. 80ல அவளே மறுபடி கொஞ்சம் ஒளியோட, ‘உயிரோட எழுந்துருவாளா?’, சுத்தி முக்காடு போட்ட உருவங்க, ஒருத்தன் கையில தடி.

பிரிண்ட் தரத்த பத்தி இப்ப விரிவா சொல்றேன், வாங்குறவங்களுக்கு இதுதான் தேவை. கோயா வெறும் கோடு மட்டும் போடல, அக்வாடிண்ட் பண்ணுவாரு. பிசின் பொடிய தகட்டு மேல தூவி, சூடு காட்டி ஒட்ட வச்சு, ஆசிட்ல முக்கினா, பொடிக்கு இடையில இருக்குற செம்ப மட்டும் ஆசிட் அரிக்கும், சொரசொரப்பா ஆயிடும், அதுல மை தங்கி சாம்பல் கலர் வரும். அந்த சாம்பல்ல எத்தனை விதம் இருக்குங்கிறதுலதான் இந்தப் படங்களோட உயிரு. ஒரிஜினல் ஏறக்குறைய 15க்கு 20 சென்டிமீட்டர்தான், சின்னது, கையில எடுத்து மூஞ்சி கிட்ட வச்சுப் பாக்க வேண்டிய சைஸ். மலிவு பேப்பர்பேக்குல சாம்பல் எல்லாம் ஒண்ணு கருப்பா போயிடுது இல்ல வெளுத்துப் போயிடுது.

செக் பண்றதுக்கு ஒரு வழி சொல்றேன். 69ம் படத்த எடுங்க, ‘ஒண்ணுமில்ல’. பாதி புதைஞ்ச எலும்புக்கூடு மாதிரி ஒரு உடம்பு, கையில இருக்குற பேப்பர்ல ‘ஒண்ணுமில்ல’ன்னு எழுதியிருக்கு. பின்னாடி இருட்டுல முகங்க கத்திக்கிட்டு இருக்கும், ஒரு பக்கம் தராசு பிடிச்ச ஒரு நிழல் தெரியும். இருட்டுக்குள்ள முகம் தெரிஞ்சா நல்ல பிரிண்ட். என் காப்பியில வெறும் கருப்புதான். கடையில கையில எடுத்துப் பாக்க முடிஞ்சா இந்தப் பக்கத்த திறந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

இதுல புக்கு போட்டவங்க தப்பு மட்டும் இல்ல. 1824ல கோயா பிரான்ஸுக்கு போர்தோ போயிட்டாரு, 1828ல அங்கயே செத்தாரு, தகடுங்க மகன் ஹவியர்கிட்ட பெட்டியில கெடந்துச்சு, அவரும் 1854ல போயிட்டாரு. 1862ல மாட்ரிட்டோட சான் பெர்னாண்டோ கலை அகாடமி 80 தகட வாங்கி 1863ல 500 செட்டு அச்சடிச்சுச்சு, கோயா செத்து 35 வருஷம் கழிச்சு. அந்தக் காலத்து பேஷனுக்கு ஏத்த மாதிரி மைய முழுசா துடைக்காம ஒரு லேசான படலத்த விட்டு அடிச்சாங்க. கோயாவே அடிச்சு பாத்த ப்ரூப்ல, அதாவது சோதனை அச்சுல, தகடு சுத்தமா துடைச்சு வெள்ளை பளிச்சுன்னு இருக்கும். இந்தப் புக்கோட ஸ்கேன் 1863 பிரிண்ட்ல இருந்து எடுத்தது, அதனால மங்கல் மேல மங்கல். தலைப்புலயும் அகாடமி கை வச்சுச்சு, 69க்கு கோயா எழுதுனது ‘ஒண்ணுமில்ல. அதுவே சொல்லுது’, அத ‘ஒண்ணுமில்ல. போகப் போக தெரியும்’ங்கிற மாதிரி ஆறுதலா மாத்திட்டாங்க. செத்தவன் திரும்பி வந்து ஒண்ணுமில்லன்னு சொன்னா கத்தோலிக்க நாட்டுல யாரு விடுவா. சீரிஸோட மொத்தப் பேரையுமே மாத்தியாச்சு, ‘போரின் பேரழிவுகள்’ அகாடமி வச்ச பேரு. கோயா கையால எழுதி வச்சது நீளமான பேரு, போனபார்ட்டோட ஸ்பெயின்ல நடந்த ரத்தப் போரோட கொடூர விளைவுகள், கூடவே வேற சில அழுத்தமான கப்ரிச்சோஸ்னு, 85 படம், அதுல 3 சின்ன கைதி படங்க. அந்த ‘அழுத்தமான கப்ரிச்சோஸ்’ தான் நான் மேல இவ்ளோ நேரம் புலம்புன 18 படம். பேருல இருந்து அத வெட்டுனதுமே அது ஏதோ பின்னிணைப்புங்கிற எண்ணம் வந்துடுச்சு, இந்தப் பப்ளிஷர் அரைப் பக்கம் குடுத்ததுக்கு விதை அங்கதான்.

போர் நேரத்துல நல்ல செம்புத் தகடும் கிடைக்கல, அதுக்கு முன்னாடி பண்ணி வச்சிருந்த ரெண்டு இயற்கைக் காட்சி தகட பாதியா வெட்டி பின்பக்கத்துல நாலு போர்ப் படம் செதுக்கியிருக்காரு. இந்தத் தகவல் முன்னுரையில இருக்கு, நல்லா எழுதியிருக்காங்க, அத மறைக்கல.

காசு குடுக்காம பாக்கணும்னா, மாட்ரிட்டோட பிராதோ மியூசியம் வெப்சைட்ல படங்க மட்டுமில்ல, கோயா சிவப்பு சாக்ல போட்ட ஸ்கெட்ச்சுங்களும் பெரிய சைஸ்ல இருக்கு, 77ல கிரீடம் இருந்தத அங்க நீங்களே பாத்துக்கலாம். கோயா தன் நண்பர் சேயான் பெர்மூதெஸ்கிட்ட குடுத்த ப்ரூப் ஆல்பம் இப்ப பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு, அதுவும் ஆன்லைன்ல பாக்கலாம், 1863 பிரிண்ட்டையும் அதையும் ஒரே படத்துக்கு மாத்தி மாத்தி பாத்தீங்கன்னா நான் மங்கல்னு எதச் சொல்றேன்னு ஒரு நிமிஷத்துல புரியும். செம்புத் தகடுங்க மாட்ரிட்ல அகாடமியோட அச்சுத் துறைகிட்டயே இருக்கு. அப்புறம் எதுக்கு புக்குன்னு கேட்டா, ஸ்க்ரீன்ல ஒண்ணொண்ணா கிளிக் பண்ணும்போது வரிசை கைல நிக்காது. இது வரிசையா புரட்ட வேண்டிய சமாச்சாரம், அதுக்கு இந்தப் புக்கு உதவும், குறை சொல்லிக்கிட்டே நானும் புரட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.

மத்த விஷயம்: பேப்பர் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு, பின்பக்கத்து மை முன்னாடி தெரியல. பைண்டிங் ஒட்டுனது, தையல் இல்ல, நடுவுல அகலமா திறந்தா விரிசல் விட ஆரம்பிக்குது. தலைப்புங்க ஸ்பானிஷ், இங்கிலீஷ் ரெண்டுலயும் படத்துக்குக் கீழயே இருக்கு, நல்ல வசதி. பேக்கிங் மோசமா வந்துச்சு, மூலை மடங்கி, ஆனா அது விக்கிற ஆளப் பொறுத்தது. பெயிண்டிங், பிரிண்ட்மேக்கிங் படிக்கிற பசங்களுக்கு தாராளமா வாங்கித் தரலாம். சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டுற எடத்துல வைக்காதீங்க, வெட்டுன கை கால், பலாத்காரம் எல்லாம் நேரடியாவே இருக்கு.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் விசாரிங்க, உள்ள 82 படம் இருக்கா இல்ல 80தானான்னு. 81, 82 ரெண்டும் 1863ல அகாடமிகிட்ட இல்ல, தகடு 1870லதான் அங்க வந்துச்சு, அதனால மலிவு பதிப்புங்க நிறைய 80லயே நின்னுடும். 80ல நின்னா சீரிஸ் அந்த ‘உயிரோட எழுந்துருவாளா?’ங்கிற கேள்வியிலயே முடிஞ்சிடும். 81ல ஒரு பெரிய மிருகம் வயிறு முட்ட தின்ன மனுஷங்கள வாயில கக்கிக்கிட்டு கெடக்கு, 82ல ஒளியோட நிக்கிற ஒரு பொண்ணு ஒரு விவசாயி தோள்ல கை போட்டு எதையோ காட்டுறா, ‘இதுதான் உண்மை’. கோயா கடைசியா எங்க கொண்டு போய் விடுறாருங்கிறதே இந்த ரெண்டுலதான் இருக்கு. என்கிட்ட இருக்குற பதிப்புல ரெண்டும் இருக்கு, வழக்கம்போல ஒரே பக்கத்துல, மேல மிருகம், கீழ விவசாயி. நடுவுல அரை இன்ச் வெள்ளையாவது விட்டிருக்கலாம்.